ஐந்தாவது பாட்டோடு நின்றுபோகும் டிஸ்க்மேன்

மாடிவீட்டு வானொலி:

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் பழைய டிஸ்க்மேன் கிடைத்தது. 1998 வாக்கில் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கியது. டிஸ்க்மேன் என்பது சோனி வைத்த பெயர் என்று தெரியும், இது வேறு கம்பெனியுடையது. ஆனாலும் எங்கள் வீட்டில் சிடி போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு போகும் எதுவும் டிஸ்க்மேன்தான்.

இரண்டு பென்டார்ச் செல் போட்டேன். ஓடவே ஓடாது என்று நினைத்தேன், ஓடியது. முதல் நாலு பாட்டும் சுத்தம். ஐந்தாவது பாட்டின் நடுவில் கிர்ர் கிர்ர் என்று ஒரு சத்தம், அப்புறம் திரையில் எண் மட்டும் மின்னிக்கொண்டிருக்கிறது. சிடியில் கீறல் இருக்கும் என்று வேறு இரண்டு சிடி போட்டுப் பார்த்தேன். எதைப் போட்டாலும் கிட்டத்தட்ட இருபதாவது நிமிடத்தில் நின்றுவிடுகிறது.

என்ன கோளாறாக இருக்கும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். "சரிசெய்து என்ன பண்ணப்போறே?" என்று தம்பி கேட்டான், எனக்குப் பதில் வரவில்லை. இதையெல்லாம் சேர்த்து வைப்பவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

வட்டுப்பித்தன்:

இருக்கிறோம். என்னிடம் 23 இருக்கின்றன, அதில் பாடுபவை 14. மனைவிக்கு 9 என்று சொல்லி வைத்திருக்கிறேன். ரிப்பேர் விஷயத்துக்கு மதுரைக்காரர் வரட்டும், அவர்தான் சரியான ஆள்.

சவுண்ட் சர்வீஸ், மதுரை:

வந்துவிட்டேன். தம்பி, ஒரே ஒரு சிடி மட்டும் நின்றால் சிடியைச் சந்தேகிக்கலாம். எல்லாச் சிடியும் ஒரே இடத்தில் நின்றால் வண்டியைத்தான் பார்க்க வேண்டும். நான் வண்டி என்று சொல்வது லென்ஸ் உட்கார்ந்திருக்கும் சட்டத்தை.

இசைத்தட்டு மாதிரி இல்லை, சிடி உள்ளே தொடங்கி வெளியே போகும். மையத்திலிருந்து 25 மில்லிமீட்டரில் பாட்டு ஆரம்பிக்கும், 58 மில்லிமீட்டரோடு முடிந்துவிடும். நடுவில் இருக்கும் 33 மில்லிமீட்டரை லென்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெல்ல ஊர்ந்து கடக்கும். அதற்கு ஒரு சின்ன மோட்டார், சின்னப் பல்சக்கரம், ஒரு கம்பி. பல வருஷம் சும்மா கிடந்தால் அந்தக் கம்பியில் தடவிய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிவிடும்.

முதலில் லென்ஸைத் துடையுங்கள். சுத்தமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நல்ல இயர்பட்ஸ், அழுத்தாமல் ஒரு சுற்று. சர்க்யூட்டில் ஒரு குட்டித் திருகு தெரியும், அதைத் தொடவே கூடாது. லேசரின் வலுவை நிர்ணயிக்கிற திருகு அது. "கொஞ்சம் ஏத்திவிட்டா படிக்கும்" என்று வீடியோவில் சொல்வார்கள். படிக்கத்தான் செய்யும், சில மாதம் கழித்து லேசரே போய்விடும். அப்படிக் கெட்டுப்போய் என்னிடம் வந்தவை நிறைய.

ஸ்ட்ரீமிங் தம்பி:

கோபப்படாதீர்கள், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், சிடியில் இருப்பது இவ்வளவுதான். இப்போது அதே தரத்தில் போனிலேயே வருகிறது. ஆப்பிள் 2021லேயே லாஸ்லெஸ், அதாவது தரம் குறையாத பாட்டு, கொடுத்துவிட்டது. ஒரு மணி நேரப் பாட்டுக்காகக் கையில் ஒரு தோசைக்கல்லைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா?

வட்டுப்பித்தன்:

தோசைக்கல் என்றால் முதன்முதலில் வந்ததைத்தான் சொல்ல வேண்டும் தம்பி. வீட்டில் வைத்துக் கேட்கும் முதல் சிடி பிளேயரான சிடிபி-101ஐச் சோனி 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் 1,68,000 யென்னுக்கு விற்பனைக்கு விட்டது. யார் வாங்குவார்கள்? சிடி எடுபடாமலே போய்விடும் என்ற பயம் வந்துவிட்டது. அப்போது ஒஸோனே கோஸோ என்ற அதிகாரி ஒரு மரக்கட்டையை அறுத்துப் பொறியாளர்களிடம் கொடுத்தார். அகலம் 13.4 செ.மீ., தடிமன் 4 செ.மீ., அதாவது நாலு சிடி உறைகளை அடுக்கிய உயரம். பிளேயர் இந்தக் கட்டை அளவில்தான் இருக்க வேண்டும் என்றார். 1984 நவம்பரில் வந்த டி-50 அப்படிப் பிறந்ததுதான். விலை 49,800 யென், முதல் பிளேயரின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே.

வேடிக்கை என்னவென்றால், கையடக்கம் என்று பெயரெடுத்த அந்த டி-50க்குள் செல் போடவே இடம் கிடையாது. தோளில் மாட்டும் தனி உறை ஒன்று உண்டு, அதில் ஆறு நடுத்தர சைஸ் செல் போட வேண்டும். அப்போது அது உண்மையிலேயே தோசைக்கல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

என்னிடம் ஒரு டி-50 இருக்கிறது. பாடாது. பாடாத 9ல் அதுவும் ஒன்று.

நிஷிகசாய்:

டோக்கியோவிலிருந்து. இங்கே நம்மவர்கள் அதிகம் வசிக்கும் பகுதியின் பெயர்தான் என் பெயரும். நான் இந்தப் பைத்தியத்தில் விழுந்தது ஹார்ட் ஆஃப் கடைகளால். பழைய சாமான் வாங்கி விற்கும் கடைகள் அவை. உள்ளே "ஜங்க்" என்று ஒரு பகுதி இருக்கும். நீலப் பிளாஸ்டிக் கூடைகளில் ஒயர், ரிமோட், கேமரா எல்லாம் கலந்து கிடக்கும், சில நூறு யென் கொடுத்தால் ஒரு சிடி பிளேயர் கைக்கு வந்துவிடும். கேரண்டி கிடையாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. பில் போடும்போது அதைச் சொல்லி நம் சம்மதத்தை வாங்கிக்கொண்டுதான் தருவார்கள்.

அப்படிக் கிடைத்த ஒன்றுதான் என்னிடம் இருப்பதிலேயே விசித்திரமானது, சோனி டி-88. 8 செ.மீ. குட்டி சிடிக்காகச் செய்தது. ஜப்பானில் தனிப்பாட்டுகளை நீள உறையில் அந்த அளவில்தான் விற்றார்கள். சாதாரண 12 செ.மீ. சிடியையும் அதில் போடலாம், ஆனால் சிடியின் ஓரம் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு சுற்றும். விரல் பட்டால் பாட்டு நின்றுவிடும். இதை ரயிலில் எடுத்துப்போன மகராசன் யாரோ!

1999ல் 15ஆம் ஆண்டு நினைவாக வந்த டி-இ01ம் இருக்கிறது. மூடியைத் திறக்க வேண்டாம், பக்கவாட்டில் சொருகினால் போதும். கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. செல்தான் தொல்லை. சூயிங்கம் பட்டை மாதிரி தட்டையான ரீசார்ஜ் செல், இங்கேயும் அதை "கம்" செல் என்றுதான் சொல்கிறார்கள். பழைய செல்லைக் கழற்றாமல் பெட்டிக்குள் போட்டு வைத்தால் கசிந்து பித்தளைத் தகட்டைத் தின்றுவிடும்.

செரங்கூன்வாசி:

எனக்கு இங்கே சிங்கப்பூரின் சுங்கை ரோடு திருட்டுச் சந்தைதான் ஹார்ட் ஆஃப். திருட்டுச் சந்தை என்பது பேச்சுக்குத்தான். தரையில் தார்ப்பாய் விரித்துப் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். 2017 ஜூலை 10ஆம் தேதி அதை மூடினார்கள். கடைசி வாரம் போய் மூன்று பிளேயர் வாங்கினேன், மூன்றிலும் மூடியின் ஸ்விட்ச் வேலை செய்யவில்லை. மூடி மூடியிருப்பதை உணர்த்தும் சின்ன ஊசி ஸ்விட்ச் அது. அது அழுந்தாவிட்டால் லேசர் எரியாது, சிடியும் சுற்றாது. மடித்த காகிதத்தை ஒட்டி மூன்றையும் பிழைக்க வைத்தேன். "சுற்றவே மாட்டேன் என்கிறது" என்று யாராவது சொன்னால் முதலில் அதைப் பாருங்கள். மற்றப் பட்டன்களைப் பூட்டி வைக்கும் ஹோல்ட் பட்டனையும் பாருங்கள். சிரிக்காதீர்கள், எனக்கே நடந்திருக்கிறது.

ஸ்ட்ரீமிங் தம்பி:

எல்லாம் சரி. ஆனால் சிடியே செத்துவிட்டதே? குதிரை போன பிறகு லாயத்துக்கு வெள்ளையடிப்பது மாதிரி இருக்கிறது.

வட்டுப்பித்தன்:

யாருக்குச் செத்தது என்று கேள். அமெரிக்காவில் 2000ல் மட்டும் 94 கோடி சிடிக்குமேல் கடைகளுக்குப் போயின. அதற்கு முந்தைய வருஷம்தான் இணையத்தில் பாட்டைப் பரிமாறிக்கொள்ளும் நாப்ஸ்டர் வந்திருந்தது. 2001ல் ஐபாட், 2006ல் டவர் ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய பாட்டுக்கடை நிறுவனம் அங்கே கடையைக் கட்டியது. 2020ல் இசைத்தட்டு வருமானத்தில் சிடியை முந்தியது, 2022ல் எண்ணிக்கையிலும் முந்தியது. அதெல்லாம் உண்மை. ஆனால் அதே டவர் ரெக்கார்ட்ஸ் ஜப்பானில் இன்றும் மாடிமாடியாக நடக்கிறது, நிஷிகசாய் சாட்சி.

நம் ஊர்க் கதை வேறு. சிடி இங்கே முழுசாக வாழவே இல்லை என்பது என் கட்சி. கேசட் விற்ற விலைக்கு ஆடியோ சிடி மூன்று நாலு மடங்கு. வாங்கினவர்கள் வெளிநாட்டில் இருந்தவர்கள், ஸ்பென்சர் பிளாசா பக்கம் போய் வந்தவர்கள், கொஞ்சம் ஆடியோ பைத்தியங்கள், அவ்வளவுதான். மற்ற எல்லாரும் கேசட்டிலிருந்து நேராக எம்பி3 சிடிக்குத் தாவினார்கள். ஒரு பாட்டு 4 எம்பி என்றால் 700 எம்பி தட்டில் 175 பாட்டு. பஸ் ஸ்டாண்டு வாசலில், பிளாட்பாரத்தில், பர்மா பஜாரில் அதைக் குவித்துப் போட்டு விற்றார்கள். பத்துப் பாட்டு உள்ள அசல் சிடியை அப்புறம் யார் சீந்துவார்கள்? அமெரிக்காவில் சிடியைக் கொன்றது இணையம், இங்கே சிடியைக் கொன்றது சிடிதான்.

சவுண்ட் சர்வீஸ், மதுரை:

இதை நான் கண்ணால் பார்த்தவன். 2002க்கு அப்புறம் என் கடைக்கு வந்த கையடக்க பிளேயரில் முக்கால்வாசி எம்பி3 படிப்பவை. "அசல் சிடி போட்டா நல்லாப் பாடுது, நான் வாங்கின சிடியைப் படிக்க மாட்டேங்குது" என்று சண்டைக்கு வருவார்கள். ஆலையில் அச்சடித்த சிடி வெளிச்சத்தை நன்றாகத் திருப்பி அனுப்பும். எழுதுகிற சிடி அந்த அளவுக்கு அனுப்பாது, அழித்து எழுதும் ரகம் இன்னும் மோசம். லேசர் கொஞ்சம் தளர்ந்தால் முதலில் கைவிடுவது அவற்றைத்தான். பழைய பிளேயர் வாங்குகிறவர்கள் அசல் சிடியும் எழுதின சிடியும் ஒவ்வொன்று கையோடு கொண்டுபோங்கள். இரண்டும் கடைசிப் பாட்டுவரை ஓடினால் பேசாமல் காசைக் கொடுங்கள்.

ஸ்காபரோ அக்கா:

வட்டுப்பித்தன் தம்பி சொன்னது தமிழ்நாட்டுக் கதை. எங்கட கதை வேற. 90களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் கரண்டே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுத்த, டைனமோவில் ரேடியோவும் பாட்டும் கேட்டோம். சுத்துகிறவர் களைத்தால் பாட்டும் களைத்துவிடும். 97ல் கனடா வந்து முதல் சம்பளத்தில் வாங்கினது ஒரு கையடக்க சிடி பிளேயர். தொழிற்சாலையில் இரவு வேலை, விடிய பஸ்ஸில் வீடு. இங்குள்ள தமிழ்க் கடைகளில் பாட்டு சிடி எல்லாம் வாங்கலாம். கனபேர் அப்படித்தான் வாங்கிச் சேர்த்தார்கள்.

என்ர பிளேயரில் 10 செக்கன் அதிர்வுத் தடுப்பு எண்டு எழுதியிருந்தது. பஸ் குழியில் விழுந்தால் 11ஆவது செக்கனில் பாட்டு துள்ளும். இப்ப அந்தப் பாட்டுகளை எங்கே கேட்டாலும் அந்தத் துள்ளல் வரவேண்டிய இடத்தில் மனம் காத்திருக்கிறது.

வட்டுப்பித்தன்:

அக்கா, அந்தப் பத்து வினாடிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வினாடிப் பாட்டு 1,76,400 பைட். பத்து வினாடிக்கு ஒன்றே முக்கால் எம்பி நினைவகம் வேண்டும், அன்றைக்கு அது சில்லறை விஷயமில்லை. பிளேயர் சிடியை வேகமாகச் சுற்றி முன்கூட்டியே படித்து அதில் நிரப்பி வைத்துக்கொள்ளும். குழியில் விழுந்து லேசர் தடம் தவறினால், திரும்ப இடத்தைப் பிடிக்கும்வரை சேமிப்பிலிருந்து பாடும். தடத்துக்கும் தடத்துக்கும் நடுவே 1.6 மைக்ரான்தான், தவறுவதில் ஆச்சரியமே இல்லை. அப்புறம் 40 வினாடி என்று பெட்டியில் பெரிதாகப் போட்டார்களே, அதைப் பாட்டின் டேட்டாவைச் சுருக்கித்தான் சாதித்தார்கள், தரம் கொஞ்சம் குறையும். அதனால் என்னை மாதிரி ஆட்கள் வீட்டில் கேட்கும்போது அந்தப் பட்டனை அணைத்துவிடுவோம். செல்லும் கூடுதல் நேரம் வரும்.

ஸ்ட்ரீமிங் தம்பிக்கு ஒன்று. எண்கள் ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்களுக்குள் என்ன ஊற்றினார்கள் என்பது வேறு. நியூயார்க்கில் இருந்த ஓரியண்டல் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட இளையராஜா சிடிகளை இன்றைக்கும் ஆட்கள் தேடி அலைவது எதற்காக? அதில் தபேலா தபேலாவாகக் கேட்கும். அதே பாட்டின் இன்றைய ஆன்லைன் பிரதிகள் சிலவற்றில் எல்லா வாத்தியமும் ஒரே சத்தத்தில் கத்துகின்றன. நான் பிளேயர் சேர்க்கத் தொடங்கியதே இந்தச் சிடிகளால்தான். பிளேயர் அடுப்பு மாதிரி, அரிசி இந்தச் சிடிதான்.

செரங்கூன்வாசி:

அந்த அரிசியிலும் வண்டு விழும் அண்ணே. இங்கிலாந்தில் பிளாக்பர்ன் ஊரிலிருந்த பிடிஓ ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான சிடிகள் பல, ஓரத்திலிருந்து வெண்கல நிறமாக மாறிக் கெட்டுப்போயின. அலுமினியத்துக்குப் பதில் வெள்ளிப் பூச்சு போட்டிருந்தார்கள், மேலே பூசிய அரக்கு உறைக்காகிதத்தில் இருந்த கந்தகத்தைத் தாங்கவில்லை. பழைய தமிழ் சிடிகளில் வெளிநாட்டில் அச்சானவை உண்டு. நடு ஓட்டையைச் சுற்றியுள்ள கண்ணாடி வளையத்தைப் பாருங்கள், ஆலையின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும்.

இன்னொன்று, எல்லாரும் சிடியின் பளபளப்பான அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைப்பார்கள். அந்தப் பக்கம் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் இருக்கிறது, கீறினாலும் பாலிஷ் போட்டுத் தேற்றலாம். பெயர் அச்சடித்த மேல்பக்கம்தான் ஆபத்து. மெல்லிய அரக்குக்கு அடியிலேயே உலோகப்பூச்சு. அங்கே கீறினால் பாட்டே உரிந்து வந்துவிடும்.

நிஷிகசாய்:

ஒரு கிளைக்கதை. இங்கே கொரிய இசைக்குழுக்களின் சிடியைக் கட்டுக்கட்டாக வாங்கும் பிள்ளைகள் என் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். உள்ளே வரும் புகைப்பட அட்டைக்காக வாங்குகிறார்கள், சிடி போட்டுக் கேட்க வீட்டில் கருவியே இல்லை. ஒரு பெண்ணுக்கு என் ஜங்க் பிளேயர் ஒன்றைக் கொடுத்தேன். மூடிக்குள் சிடி சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வேகமா?" என்றார். உள் ஓரத்தில் படிக்கும்போது நிமிடத்துக்கு 500 சுற்று, வெளி ஓரத்துக்குப் போனால் 200 என்று விளக்கினேன். ஏன் கேட்டோம் என்று ஆகியிருக்கும் பாவம்.

புதிதாகவே வேண்டுமென்றால் ஃபியோ டிஎம்13, ஷான்லிங் இசி மினி என்று சீனக் கம்பெனிகள் மறுபடி செய்ய ஆரம்பித்திருக்கின்றன. யூஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஆகும், ப்ளூடூத்தும் உண்டு. நன்றாகத்தான் இருக்கின்றன. எனக்கு நீலக்கூடைதான் பிடிக்கிறது.

சவுண்ட் சர்வீஸ், மதுரை:

கதையெல்லாம் பேசிவிட்டுக் கேள்வி கேட்ட தம்பியை விட்டுவிட்டோமே. லென்ஸ் துடைத்தீர்களா?

மாடிவீட்டு வானொலி:

துடைத்தேன் சார். மாற்றமில்லை, அதே இருபதாவது நிமிடம்.

சவுண்ட் சர்வீஸ், மதுரை:

அப்படியென்றால் திறக்க வேண்டியதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 74 நிமிட சிடியில் 20 நிமிடம் பாடினால் லென்ஸ் தொடங்கிய இடத்திலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். செல்லைக் கழற்றிவிட்டு அடிப்பக்கத் திருகுகளை எடுங்கள், எந்தத் திருகு எந்த ஓட்டை என்று காகிதத்தில் வரைந்து ஒட்டி வையுங்கள், நீளம் வேறாக இருக்கும். ரிப்பன் ஒயரை இழுக்கக் கூடாது. மோட்டார் பக்கத்துப் பல்சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றினால் வண்டி நகரும். 12 மில்லிமீட்டரில் விரலுக்குத் தட்டுப்படும். அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

திறந்த கையோடு சர்க்யூட்டை ஒருமுறை மோந்து பாருங்கள். மீன் நாற்றம் அடித்தால் கெபாசிட்டர் கசிகிறது என்று அர்த்தம். 80களின் கடைசி, 90களின் ஆரம்ப மாடல்களில்தான் அது அதிகம், உங்களுடையது தப்பித்திருக்கலாம். வட்டுப்பித்தனின் பாடாத ஒன்பதையும் மோந்து பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்த்தால் இதுதான் கதி. மாதம் ஒரு தடவை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை ஓட விட்டால் கிரீஸ் இறுகாது. பாடிக் கெட்டதைவிடச் சும்மா இருந்து கெட்டதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வட்டுப்பித்தன்:

குத்தியது வலிக்கிறது. டி-50ஐத் திறக்கப் பயம் சார், அதுதான் உண்மை.

சவுண்ட் சர்வீஸ், மதுரை:

மதுரைப் பக்கம் வந்தால் கொண்டுவாருங்கள். அடாப்டரையும் எடுத்து வாருங்கள். அது 9 வோல்ட், பின்னால் வந்தவை பல 4.5 வோல்ட். முனையில் எது பிளஸ் எது மைனஸ் என்று பிளேயர் ஓரத்திலேயே படம் போட்டிருக்கும், அதைப் பார்க்காமல் கையில் கிடைத்ததைச் சொருகிவிட்டு வந்து அழுபவர்கள் உண்டு.

மாடிவீட்டு வானொலி:

சார்! திறந்துவிட்டேன். நாற்றம் இல்லை. பல்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே வந்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே ஓரிடத்தில் தட்டியது. ஸ்கேல் வைத்து அளந்தேன், 13 மில்லிமீட்டர். பல்பட்டையில், இரண்டு பல்லுக்கு நடுவில், ஓர் எறும்பு. காய்ந்து சருகாகிப் பழைய கிரீஸோடு ஒட்டிப்போயிருந்தது. பல்குத்தும் குச்சியால் எடுத்துவிட்டு, கம்பியைத் துடைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் வைத்தேன். இப்போது கடைசிப் பாட்டுவரை பாடுகிறது.

அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இது அப்பவே அஞ்சாவது பாட்டோட நின்னுடும்டா, அதனாலதான் பரணில் போட்டேன்" என்றார். அப்புறம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆறாவது பாட்டிலிருந்து கேட்க ஆரம்பித்தார். தம்பி எதிரில்தான் உட்கார்ந்திருந்தான், இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்ட்ரீமிங் தம்பி:

எறும்பின் படம் போடுங்கள் அண்ணா.

சவுண்ட் சர்வீஸ், மதுரை:

எறும்பு இருக்கட்டும், கிரீஸ் வைத்த படத்தைப் போடுங்கள். கொஞ்சமாகத்தானே வைத்தீர்கள்? அதிகமானால் லென்ஸில் தெறிக்கும்.